நாலடி ஆறங்குலத்துக்கு என்ன டிக்கெட்?

தீபாவளி முடிந்ததும் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குச் சில வாரம் விடுமுறை. பேக்கிங் ரூமில் வேலை பார்க்கிற அக்காமார்கள் அந்த விடுமுறையில் ஒரு வருடம் குற்றாலம், ஒரு வருடம் திருச்செந்தூர் என்று வண்டி பிடித்துப் போய்வருவார்கள். போன வருடம் அவர்களுக்கு மதுரையையும் தாண்டி வெகுதூரத்தில் இருக்கிற ஒரு தீம் பார்க்குக்குப் போக ஆசை வந்துவிட்டது. டிக்கெட்டை ஆன்லைனில் போட்டால் விலை குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எம். புதுப்பட்டி ஆபீசில் கம்ப்யூட்டரில் ஆர்டர் ஏற்றுகிற என்னிடம் வந்து நின்றார்கள். நானும் கூட வர வேண்டும் என்பது ஏற்பாடு.

வெப்சைட்டைத் திறந்த நான் அன்று மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு விலை. சனி, ஞாயிறு ஒரு விலை. பண்டிகை நாளுக்கு அதற்கும் மேலே. கல்லூரி அடையாள அட்டை இருந்தால் குறைவு. அறுபது வயது தாண்டியிருந்தால் குறைவு. நான்கு நாள் முன்னால் போட்டால் குறைவு. இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்ந்து போனால் இன்னும் குறைவு. வரிசையில் நிற்காமல் நேரே ஏறிக்கொள்ள, கையில் கட்டுகிற சிவப்புப் பட்டைக்கு மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல்.

நான் ஆமத்தூர்க்காரி. எங்கள் வீட்டு மிளகாய் விருதுநகர் கமிஷன் கடைக்குத்தான் போகும். வத்தலின் நிறத்தையும் காய்ந்த பதத்தையும் கையில் அள்ளிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். இங்கே சரக்கு மாறவே இல்லை. வருகிற ஆளையும் நாளையும் பார்த்து விலை மாறியது. எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

“ஒரே ஊஞ்சல், ஒரே தண்ணி. அதுக்கு எதுக்கு பிள்ள இம்புட்டு ரேட்டு?” என்று ஒரு அக்கா கேட்டார். கம்பெனிதான் மூடியிருக்கிறதே, புதன்கிழமை போனால் மலிவு என்று மட்டும் சொன்னேன்.

சிறுவர் டிக்கெட்டுக்கு வந்தபோதுதான் பேச்சு திரும்பியது. அதற்கு வயதே போடவில்லை. நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுவர் டிக்கெட் என்று இருந்தது. படித்துச் சொன்னதும் எல்லோரும் சிரித்து ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எங்கள் பேக்கிங் ரூமில் கை வேகத்துக்குப் பேர் போனவர். நாற்பத்தைந்து வயது. கல்லூரியில் படிக்கிற மகள் இருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அவரைக் கட்டையக்கா என்றுதான் கூப்பிடுவோம்; அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

கட்டையக்கா சிரிக்கவில்லை. “நான் நாலடி ஆறங்குலம். அது எம்புட்டு சென்டிமீட்டரு?” என்றார்.

கணக்குப் போட்டேன். நூற்று முப்பத்தேழு.

“அப்ப எனக்கு என்ன டிக்கெட்டு?”

பார்க்குக்கு போன் போட்டுக் கேட்டேன். எடுத்த பெண், “பெரியவங்கன்னா பெரியவங்க டிக்கெட்தான் மேடம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். இருபத்தாறு பேருக்கும் பெரியவர் டிக்கெட்டே போட்டேன். அக்கா மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கு அங்கே ஒன்றே ஒன்றுதான் பார்க்க வேண்டும். ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோய் உச்சியில் தலைகீழாக நிறுத்துகிற பெரிய ஊஞ்சல். மகள் கல்லூரியிலிருந்து போய் அதில் ஏறி, “உசிரு போயிட்டு வந்துச்சும்மா” என்று சொல்லியிருக்கிறாள். “போயிட்டு வாரதுன்னா எப்பிடின்னு எனக்கும் பாக்கணும்” என்றார் அக்கா.

புதன்கிழமை விடியுமுன் புறப்பட்ட பஸ் என்னை ஆமத்தூர் விலக்கில் ஏற்றிக்கொண்டது. வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். இருந்தும் இரண்டு தூக்குவாளி நிறையப் புளியோதரை வந்திருந்தது. பார்க் வாசலில் போய் இறங்கியதும், வண்டி நிறுத்துகிற இடத்திலேயே உட்கார்ந்து, காலை பத்து மணிக்கு மத்தியானச் சாப்பாட்டை முடித்தோம். சேலையோடு தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள், உள்ளே துணி வாடகை அதிகம் என்பதால், எல்லோரும் சிவகாசி பஜாரில் வாங்கிய நைலான் சுடிதாரைப் பையில் வைத்திருந்தார்கள். நுழைவாயிலில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் நீலக் காகிதப் பட்டையை ஒட்டினார்கள். வேறு குடும்பங்களோடு வந்த பிள்ளைகளுக்கு மஞ்சள்.

உள்ளே போனதும் பெரிய ஊஞ்சலுக்குத்தான் முதலில் ஓடினோம். வார நாளாக இருந்தும் முக்கால் மணி நேரம் நின்றோம். எங்கள் முறை வந்தபோது, வாசலில் நின்ற ஊழியர் கட்டையக்காவைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு கம்பம், அதில் சிவப்புக் கோடு. அக்காவை அங்கே நிற்கச் சொன்னார். கோடு தலைக்கு மேலே தெரிந்தது.

“ஏற முடியாதும்மா. நூத்திநாப்பது இருக்கணும். இல்லாட்டி இந்தக் கம்பி தோளுல சரியா உக்காராது. சேப்டி.”

நாங்கள் எல்லோரும் சத்தம் போட்டோம். அக்காதான் எங்களை அடக்கினார். “சும்மா இருங்கப்பா. நம்ம கம்பெனியில மருந்து ரூமுக்கு, வெடிச்சிரக் கூடாதுன்னு, நாலு பேருன்னா நாலு பேருதான? அஞ்சாவது ஆள உள்ள விடுவீகளா? அது மாதிரிதான் இதுவும்.” பிறகு அந்த ஊழியரிடம், நின்றிருந்த ஊஞ்சலின் இருக்கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் சரி என்றார். அக்கா கம்பியை இறக்கிப் பார்த்தார், எங்கே இடைவெளி விழுகிறது என்று கையை விட்டு அளந்தார். தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவர் முகம் சின்னதாகிப்போனதை நான் பார்த்தேன். எனக்கும் ஏற மனமில்லை. கூடவே வெளியே வந்தேன்.

கொஞ்ச தூரம் நடந்தவர் சட்டென்று நின்றார். “பிள்ள, டிக்கெட் குடுக்கிற எடம் எங்கன இருக்கு?”

அங்கே கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அக்கா நிதானமாகத்தான் பேசினார். “ஏறக் கூடாதுன்னாங்க, ஏறல. ஆனா ஏறுறதுக்குச் சேத்துல்ல துட்டு வாங்கியிருக்கீக?” அந்தப் பெண் விழித்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்தார்.

“டிக்கெட் உள்ள வர்றதுக்குத்தான்ம்மா. ஒவ்வொரு ரைடுக்கும் தனியா இல்ல” என்றார்.

“சரி சார். அப்பப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கொறச்சு வாங்குறீக?”

“அவங்களால பெரிய ரைடுல போக முடியாதுல்ல.”

“என்னாலயும் போக முடியலைல்ல.”

மேனேஜர் பின்னால் சுவரில் இருந்த விலைப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவர் அதை முதல்முறையாகப் படிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “வாசல்ல என் வயசப் பாக்குறீக. ஊஞ்சல்ல என் உசரத்தப் பாக்குறீக. ரெண்டுல ஒண்ண வச்சுக்கிடுங்க சார்.”

கவுண்டர் பெண் குனிந்து சிரித்தாள். மேனேஜரும் சிரித்துவிட்டார். பத்து நிமிடம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டிருப்பதால் ஒருவருக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தர வழியில்லை என்றார். அதற்குப் பதிலாக மேசைக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் பட்டையை எடுத்தார். “இத வச்சுக்குங்கம்மா. இன்னைக்கு முழுசும் நீங்க எங்கயும் வரிசைல நிக்க வேண்டாம்.”

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலப் பட்டை மாதிரியே காகிதம்தான். “இது என்ன விலை?” என்றார். அவர் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார்.

“இது எனக்குக் குடுக்குறதுல உங்களுக்கு என்ன செலவாகுது?”

“உண்மையச் சொன்னா ஒண்ணும் ஆகாதும்மா.”

“பெறகு ஏன் அம்புட்டு விலை?”

“எல்லாருக்கும் குடுத்துட்டா அதுக்கு மதிப்பே இல்லம்மா. மத்தவங்க நிக்கிறதாலதான் இதுக்கு விலை.”

அந்தப் பதிலுக்காக எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. ஒரு வாரமாக வெப்சைட்டைப் பார்த்து எனக்குப் புரியாதது ஒரு வரியில் புரிந்தது.

அக்கா சிவப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவர் உயரத்துக்கு ஏற விடுகிற எதையும் அவர் தவறவிடவில்லை. உச்சியிலிருந்து படகோடு தண்ணீரில் விழுகிற விளையாட்டில் மட்டும் ஆறு தடவை. நாங்கள் வெயிலில் வரிசையில் நிற்க, பக்கத்து வழியில் அக்கா நனைந்த சுடிதாரோடு கையை வீசிக்கொண்டு போவார். முதல் தடவை எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். இரண்டாம் தடவை கையசைத்தார்கள். மூன்றாம் தடவை ஒருத்தி, “அவ போறதாலதான நம்ம வரிசை நிக்கிது?” என்றாள். உண்மைதான். சிவப்புப் பட்டைக்காரர் வரும்போதெல்லாம் எங்கள் வரிசையை நிறுத்திவிட்டு அவரைத்தான் ஏற்றினார்கள். அதுவரை முகம் தெரியாத யாரோ போனார்கள். இப்போது எங்கள் ஆளே போகிறார். நான் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் இதே பேச்சுதான். நான் நான்கில் ஏறியிருந்தேன், மற்றவர்கள் ஐந்து, ஆறு. அக்கா பதினான்கு. முட்டி வலி என்று நாள் முழுக்க மர நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா ஒன்றில்கூட ஏறவில்லை. அவர் கொடுத்ததும் அதே டிக்கெட்தான். “எனக்குக் குடுத்த காசு வீண் போகல. இம்புட்டு நேரம் யாரும் என்னைய எதுவும் கேக்காம உக்காந்ததே இல்ல” என்றார் அவர். யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று முடிவுக்கு வர முடியவில்லை.

“உங்களுக்கு எப்பிடி இருந்துச்சுக்கா?” என்று கட்டையக்காவைக் கேட்டேன்.

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆறாவது தடவ விழும்போது பக்கத்துல தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தாக் கத்தியிருப்பேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “இருந்தாலும் அந்த ஊஞ்சல் மாதிரி வராது பிள்ள” என்றார்.

கம்பெனி திறந்து சீசன் வேலை மெல்லத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வேனுக்காக நின்றுகொண்டிருந்தோம். என் போன் அடித்தது. பார்க்கிலிருந்து ஒரு பெண். எங்கள் அனுபவம் எப்படி இருந்தது, குறை ஏதும் உண்டா, வருட பாஸ் எடுக்க விருப்பமா என்று கேட்டாள். நான் போனைக் கட்டையக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். “பாஸெல்லாம் இருக்கட்டும்மா. டிக்கெட்டு விலையும் கெடக்கட்டும். அந்தப் பெரிய ஊஞ்சல்ல கடைசி ரெண்டு சீட்டுக்கு மட்டும் கம்பியக் கொஞ்சம் கீழ எறங்குற மாதிரிச் செஞ்சு, இடுப்புக்கு ஒரு பெல்ட்டு போடுங்க. நாலு விரக்கட எடவெளிதான் விழுகுது, நான் அளந்து பாத்தேன். அது மட்டும் செஞ்சீகன்னா நாங்க பெரிய டிக்கெட்டே வாங்கிட்டு வாரோம்.”

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அக்கா “சரி, சரி” என்று கேட்டுக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். அழைப்பு முடிந்திருந்தது.

“என்னக்கா சொன்னாங்க?”

“எழுதிக்கிட்டேன்னு சொன்னா” என்றார் அக்கா. வேன் வந்து நின்றது. ஏறப் போனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆனா நீ ஆபீஸ்ல கம்ப்யூட்டரத் தட்டும்போது கேக்குமே, அந்தச் சத்தம் ஒண்ணும் கேக்கலையே பிள்ள.”