சாரத்து உச்சியில ரெண்டு பேரு

சபையாரே, ஆண்டவர் எனக்குப் பதில் சொன்னாரு. அத எப்படிச் சொன்னாருன்னுதான் இன்னும் விளங்கல. தெரிஞ்ச மட்டும் சொல்லுதேன், பொறுத்துக்கோங்க.

நான் கொத்தனார். இங்க பம்பாய் தாராவியிலதான் குடியிருப்பு. சுதந்திரம் வந்த மறுவருஷம், பக்கத்து மாட்டுங்காவுல ஒரு மூணுமாடிக் கட்டட வேலை. மழைக்காலம். என் பக்கத்துல நின்னு செங்கல் வச்சுக்கிட்டிருந்த யோவான் கால் வழுக்கிச் சாரத்துலயிருந்து விழுந்தாரு. அன்னைக்கே போயிட்டாரு.

அதுக்குப் பிறகு எனக்கு என்னமோ ஆச்சு. சாரத்துல கால வச்சா கை நடுங்கும். சோறு இறங்காது. பிள்ளைங்க சிரிச்சாலும் எரிஞ்சு விழுவேன். காய்ச்சலா? இல்ல. டாக்டர் மருந்து கலக்கிக் கொடுத்தாரு, கேக்கல. பேய் புடிச்சிருக்குன்னு அண்ணன் சொன்னாரு. விசுவாசம் குறைஞ்சு போச்சுன்னு நானே நெனச்சேன். ஆம்பளை, அதுலயும் கொத்தனாரு, பயமா இருக்குன்னு யாருகிட்டப் போயிச் சொல்ல? மேஸ்திரி காதுக்குப் போனா சித்தாளுங்களோட சாந்து குழைக்க விட்டுருவான்.

எங்க சாரம் கட்டுறவரு இசக்கிமுத்து, நாங்குநேரிப் பக்கத்து ஆளு. காலையில அவரு உச்சிப் பலகையில ஏறி, ரெண்டு காலாலயும் ஓங்கிக் குதிச்சு, "நிக்கும், ஏறுங்க!"ன்னு கத்தினாத்தான் நாங்க ஏறுவோம். அவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு நெனச்சிருந்தோம்.

ஒருநாள் மத்தியானம். எல்லாரும் கீழ சாப்பிட உக்காந்துட்டாங்க. நான் மட்டும் மேல ஏறினேன். உயிரோட இறங்கி வர நெனப்பில்ல. மறைக்காமச் சொல்லுதேன். பொஞ்சாதி பிள்ளைங்க முகங்கூட அப்ப வரல. "ஆண்டவரே, நான் வேண்டாம்னா விட்டுரும். வேணும்னா ஒரு ஆளையாவது அனுப்பும்"னு வாய் மட்டும் சொல்லிச்சு.

உச்சிக்குப் போனா, அங்க இசக்கிமுத்து மூங்கிலக் கட்டிப் பிடிச்சு அழுதுக்கிட்டிருக்காரு!

என்னையப் பாத்ததும், "என்ன வேய், நீருமா?"ன்னாரு.

"நானும்தான்"னேன்.

"யோவான் விழுந்தது என் கட்டுனாலதான் வேய். தினமும் குதிக்கையில, இன்னைக்கு நானும் போயிரணும்னு நெனச்சுத்தான் குதிக்கேன்."

யோவான் விழுந்தப்ப கயிறு அறல, கட்டு அவுழல, மழையில கால்தான் வழுக்கிச்சு. எல்லாருக்கும் தெரியும். அவருகிட்ட யாரும் வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான். அன்னைக்கு நான் சொன்னேன். நம்பினாரான்னு தெரியல. ஆனா என் கையப் பிடிச்சாரு. அழுதுக்கிட்டே ஒவ்வொரு மூங்கிலா இறங்கினோம்.

எனக்காக அவர அனுப்பினாரா, அவருக்காக என்னைய அனுப்பினாரா? அவரு சுடலைமாடனக் கும்பிடுறவரு. அப்ப யாரு ஜெபத்துக்கு யாரு பதில்?

நடுக்கம் முழுசாப் போகல. ஆனா இப்ப தினமும் அவரு குதிக்கதுக்கு முன்னால, "இன்னைக்கு எப்படி வேய்?"னு கேக்கேன். அவரும் என்னையக் கேக்காரு. உள்ளதச் சொல்லுதோம். சில நாள் ரெண்டு பேருமே ஏறாமக் கீழயே வேலை பாக்கோம். மேஸ்திரி திட்டுதான். திட்டட்டும்! எனக்குச் சோறு இறங்குது. என் மவ மறுபடியும் மடியில வந்து உக்காருதா. ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு இது போதாதா?

கட்டட வேலைக்காரங்க இங்க நிறைய பேரு இருக்கீங்க. உள்ளுக்குள்ள நடுங்கிச்சுன்னா ஜெபம் பண்ணுங்க. பண்ணிட்டு, பக்கத்துல நிக்கவருகிட்ட வாயத் திறந்து சொல்லுங்க.

இசக்கிமுத்து இன்னைக்கு என்கூட வந்திருக்காரு. உள்ள வரலாமோ கூடாதோன்னு தெரியாம வாசல்லயே நிக்காரு. நீங்க ஆமேன் சொல்லுறதுக்கு முன்னால, யாராவது போயி அவரக் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வாங்க.