சங்கிலி வாளுக்கு நான் எழுதிய தமிழ்

யுத்தம் முடிந்த மறு வருஷம், சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த என் அக்காள் புருஷன் பட்டாள ஏலத்தில் ஒரு சங்கிலி வாள் எடுத்துவந்தார். பெட்ரோலில் ஓடுவது. ஒரு முனையில் எஞ்சின், மறு முனையில் கைப்பிடி, நடுவில் நீள நாக்கு, நாக்கைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. தூக்க இரண்டு பேர் வேண்டும். பார்க்கத் தெருவே வந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு. அத்தானுக்கு என்னால் வேறு உபயோகமும் இருந்ததில்லை. "இரும்புக்குள் ஒரு கருவண்டு துயில் கலைகிறது" என்று ஆரம்பித்தேன். கயிற்றை இழுத்தால் எஞ்சின் கிளம்பும் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். எண்ணெய் விடுவதற்கே ஒரு பக்கம், மழை மாதிரி. நடுவில் ஒரு வரி ஓசையே இல்லாமல் கிடந்தது. எப்படிப் புரட்டினாலும் தமிழில் உட்காரவில்லை. விட்டுவிட்டேன்.

கரமனை ஆற்றோரத்து மரக்கடை முதலாளி ஒருவர் கடைசியில் மனம் இரங்கினார். நிற்கிற அயினி மரத்தைத் தன் கண்முன்னால் சாய்த்துக் காட்டினால் வாங்குவதாகச் சொன்னார். அவரும் வேண்டாமென்றால் அத்தான் அதைப் பழைய இரும்பாகத் தராசில் ஏற்றவேண்டியதுதான். அக்காள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

மரம் அறுத்துக் காட்ட அத்தான் கூலிக்கு அமர்த்திய வாள்காரர் இருவரும் என் தமிழைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். கிடந்த தடியை மேலிருந்து அறுத்தபோது வெண்ணெய்தான். நிற்கிற மரத்துக்கு நாக்கு படுக்கையாக வேண்டுமே என்று எஞ்சினோடு சேர்த்துச் சரித்தார்கள். வண்டு ஒரு தும்மல் போட்டு அடங்கியது. நிமிர்த்தினால் கிளம்பும், சரித்தால் சாகும். மூன்று தடவை.

முதலாளி குடையை விரித்தார், புறப்படுகிறவராக. மூத்த வாள்காரர் என் பக்கம் திரும்பி, "சாரே, வண்டுக்குப் பின்னயும் உறக்கமோ?" என்றார்.

அப்போதுதான் அந்த வரி தலைக்குள் எழுந்து உட்கார்ந்தது. எஞ்சினுக்குள் இருக்கும் பெட்ரோல் கிண்ணம் எப்போதும் நிமிர்ந்தே இருக்கவேண்டும். எஞ்சினைச் சரிக்காதே, நாக்கை இறுக்கியிருக்கும் பிடியைத் தளர்த்தி அதை மட்டும் திருப்பு. அந்த யந்திரத்திலேயே பெரிய சாமர்த்தியம் அதுதான். எவனோ மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்திருப்பான். நான் ஒரு கோட்டில் அடித்துவிட்டேன்.

வாயைத் திறக்காவிட்டால் பழி யந்திரத்துக்குத்தான். ஆனால் அத்தான் நெற்றியை மேல்துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அத்தான், யந்திரத்துல கோளாறில்ல. ஒரு வரிய நான் விட்டுட்டேன்."

"ஏன்?"

"கேக்க நல்லால்ல."

அவர் என்னை வையவில்லை. வைதிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். வாள்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். பிடியைத் தளர்த்தினார்கள். எஞ்சின் நிமிர்ந்து நிற்க, நாக்கு மட்டும் படுத்தது. காதடைக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அயினி பெருமூச்சோடு சாய்ந்தது.

முதலாளி குடையை மடக்கினார். எடுத்துக்கொள்கிறேன், புத்தகத்தை மட்டும் வேறு ஆளைக்கொண்டு எழுதித் தாரும் என்றார்.

"ஆளு இதே ஆளுதான்," என்றார் அத்தான். "மூத்தவரு சொல்லட்டும். மாப்ள எழுதட்டும்."

விழுந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்து எழுதினேன். இரண்டே பக்கம். எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்த மூத்தவர் முதல் வரியில் விரலை வைத்தார்.

"வண்டு வேண்டாம், சாரே."