ரோதைமுனியை வெட்டியவன்

என் மனைவியின் தம்பியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் சமாதானமாகிவிடுவோம் என்று யாரும் எதிர்பார்த்து வாசிக்க வேண்டாம்.

கொழும்பில் ஒரு போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கடையை மூடிவிட்டார்கள். ஒரு மழை நாளில் பெரிய டீவி ஒன்றையும் டீவியில் போட்டு விளையாடும் கறுப்புப் பெட்டி ஒன்றையும் கம்பளியில் சுற்றிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தான். முப்பது வயதைத் தாண்டியவன். "கொஞ்ச நாளைக்குத்தாங்க மச்சான்" என்றான். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்படியெல்லாம் கேட்க வராது. வாசலில் நிற்பவனை வா என்று சொல்லவும் வராது, போ என்று சொல்லவும் வராது. இரண்டையும் எனக்காக என் மனைவிதான் சொல்வாள். அன்று வா என்று சொன்னாள்.

லயம் என்பது தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடு. எங்களுடையது அதில் கடைசிக் காம்பரா. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, அதையொட்டி அடுப்படி. இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. பாதி உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம்தான். முன்னறையில் ஒருவன் கொட்டாவி விட்டால் பின்னறையில் கேட்கும்.

எனக்குத் தேயிலை பெக்டரியில் ரோலிங் வேலை. வாட்டிய கொழுந்தை அரைக்கும் மெஷின்கள் ஓடும் இடம். சக்கரம் என்று புத்தகத்தில் இருப்பதை நாங்கள் ரோதை என்போம். இரவில் ஏறும் வேலை, காலையில்தான் இறங்கும். அதனால் எனக்குப் பகலில்தான் தூக்கம். அது சொகுசுத் தூக்கம் அல்ல. ஓடுகிற ரோதைக்குப் பக்கத்தில் இலையைத் தள்ளுகிற கை அசந்துபோனால், அந்தக் கை திரும்பி வராது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவருக்கு வலது கையில் கட்டை விரல் மட்டும்தான் மிச்சம். இப்போது அவர் பெக்டரி கேட்டில் காவலுக்கு இருக்கிறார். நான் போகும்போதும் வரும்போதும் அந்தக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டித்தான் சுகம் விசாரிப்பார்.

காலையில் நான் வந்து, குளித்து, ரொட்டி தின்று, பாயை விரிக்கும் நேரத்தில்தான் மச்சினன் எழும்புவான். என் மனைவி கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருப்பாள். அவன் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டான். நேரே பெட்டியைப் போடுவான்.

அதில் ஓடும் விளையாட்டின் கதையை அவனே ஒருநாள் சொன்னான். ஜப்பான் நாட்டில் ராஜாக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலமாம். செத்த படைகளெல்லாம் பேயாக எழும்பி ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டதாம். சாமுராய் என்று ஒரு வாள்காரன், தன் தொரை சொன்னதற்காகத் தனியாகப் போய் அத்தனை பேயையும் வெட்டுகிறானாம். தோட்டத்து மேனேஜரை நாங்கள் கூப்பிடுவது போல, தொரை என்ற பேரை வைத்தது மச்சினன்தான். பாயில் கால் மடித்து உட்கார்ந்து விசிறியால் கட்டளை காட்டும் ஒரு பெரிய மனிதன். அவனுக்கு முன்னால் வாள்காரன் நெற்றி தரையில் பட விழுந்து கிடப்பான்.

என் மனைவி ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "பேய முடிக்காம வந்தா இவனுக்கு அரைப்பேருதானா?" என்று கேட்டாள். கொழுந்தின் எடை குறைந்தால் அரை நாள் சம்பளம் போடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"இவனுக்குச் சம்பளமே கெடையாதுக்கா. மானத்துக்காகச் செய்றான்."

"அப்ப ஒனக்கு ஏத்த ஆளுதான்."

அந்த வாள்காரனையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரைக் காப்பாற்ற வந்தவன், ஆளில்லாத வீடுகளுக்குள் நுழைந்து பானைகளை உடைப்பான். பானைக்குள் மருந்து இருக்குமாம். யாரோ ஒருத்தி அடுப்படியில் கழுவிக் கவிழ்த்து வைத்த பானை. அதைக் கேட்பார் இல்லை. அவன் தூங்கியும் நான் பார்த்ததில்லை. மரத்தடியில் தீ மூட்டி உட்காருவான், காயமெல்லாம் ஆறிவிடும், எழும்பி மறுபடியும் வெட்டப் போவான். தூக்கமே வேண்டாதவனுக்கு அடுத்தவனுடைய தூக்கம் எங்கே தெரியப்போகிறது?

நான் பின்னறையிலிருந்து இருமிப் பார்த்தேன். அவன் சத்தத்தைக் கூட்டினான். ஒருநாள் அவன் வெளியே போன நேரம் பார்த்து எழும்பிப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்து படுத்தேன். பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடுவது அவனுக்குக் கேட்டுவிட்டது. கரண்டு போகவில்லை என்று தெரிந்துகொண்டு ஏற்றிவிட்டான். மறுநாளிலிருந்து சுவிட்சுக்கு நேர் கீழே கதிரையைப் போட்டு, அதில் சாய்ந்துகொண்டு விளையாடினான். இவ்வளவுக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"அவன்கிட்ட சொல்லு" என்றேன் மனைவியிடம்.

"நீங்க சொல்லுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய பேய் வந்தது. ஆளுயர வண்டி ரோதை. சுற்றிலும் தீ எரியும். நடுவில் மீசையும் கோரைப்பல்லும் உருட்டு முழியுமாக ஒரு முகம். மலைப்பாதையில் மேலிருந்து உருண்டு வரும். வரும்போது ஒரு சத்தம் போடும், இலை நிரம்பிய ரோலரை முதலில் ஓடவிடும்போது வருமே, அதே அரைப்புச் சத்தம். மச்சினனால் அதை ஜெயிக்க முடியவில்லை. நசுங்கிச் சாவான், திரும்பத் தொடங்குவான், அது திரும்ப உருண்டு வரும். ஒவ்வொரு தடவையும் என் உடம்பு பாயிலிருந்து துள்ளி விழும். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது, நான் இன்னும் போய்ச் சேரவில்லை என்று உடம்பு நினைத்துக்கொள்ளும்.

அப்படியே ஒரு வாரம். கடைசியில் ஒரு நாள் விடியும் நேரத்தில், ரோலருக்குப் பக்கத்தில் நின்றபடியே நான் தூங்கிவிட்டேன். என்னோடு நின்றவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் தரையில் விழுந்தேன். வலது கைச் சட்டை முழங்கை வரைக்கும் கிழிந்து மெஷினோடு போயிருந்தது.

"கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறியேப்பா! சட்ட போனா வேற தைக்கலாம், கைய எந்த டெய்லரு தைப்பான்?"

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து பார்த்தார். "வீட்டில தூங்குறதில்லையா?" என்று கேட்டார். வீட்டில் பேய் விரட்டுகிறார்கள் ஐயா என்று சொல்ல வந்தது. எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து, கிழிந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் விழுந்து படுத்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. அந்த அரைப்புச் சத்தம் கேட்டது. எழும்பினேன். பெக்டரிக்குள் இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். நடந்து முன்னறைக்குப் போனேன். கண்ணுக்கு முன்னால் பெரிய ரோதை சுற்றிக்கொண்டிருந்தது. கையை நீட்டித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வேலைக்கு ஏறும்போது ஒவ்வொரு முறையும் செய்வது அது. பெக்டரிக்குப் பின்னால் ஒரு கல்லும் சூலமும் இருக்கிறது. அதுதான் ரோதைமுனி. மெஷினுக்குள் குடியிருக்கிற சாமி. ரோதையைத் தொட்டுக் கும்பிடாமல் யாரும் வேலை தொடங்க மாட்டோம். அவருக்குக் கோபம் வந்தால் கையைக் கேட்பார் என்று சொல்வார்கள்.

என் கையில் பட்டது டீவிக் கண்ணாடி. மச்சினன் கதிரையில் உருண்டு சிரித்தான்.

"அக்கா! இங்க வந்து பாரு, மச்சான் பேயக் கும்பிடுறாரு!"

என் மனைவி பகல் சோற்றுக்கு மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய சாக்கோடு வாசலில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். டீவியைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வாள்காரன் எகிறிப் போய் அந்த முகத்தின் நடுவில் ஒரு வெட்டு வெட்டினான்.

"டேய், நிப்பாட்டு. அது ரோதமுனிடா."

"அக்கா, இது ஜப்பான் பேயி."

"ஜப்பான்ல மெஷின் இல்லியா? ரோதை இருக்குற எடத்துலதான் முனி இருக்கும். எத்தன நாளா வெட்டுற?"

"ஒரு வாரமா. சாக மாட்டேங்குது."

"எப்பிடிடா சாகும்? சாமிடா அது!"

அப்போதுதான் என் கிழிந்த சட்டை அவள் கண்ணில் பட்டது. என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாடா? நீ இங்க வெட்டுற, அது அங்க இவரு சட்டையப் புடிச்சு இழுக்குது. அடுத்தது கையி."

"தூக்கம் இல்லாமத்தான்..." என்று நான் தொடங்கினேன்.

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அடுப்படிக்குப் போய்ச் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரும் வேப்பங்கொத்துமாக வந்தாள். சாமியை வெட்டிய இடத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். டீவிக்கு நேரே கொத்தை ஓங்கினாள். மச்சினன் குறுக்கே பாய்ந்தான்.

"டீவியில தெளிக்காதக்கா! அதுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு!"

வேறு எதையும் சொல்லியிருக்கலாம். இதைச் சொன்னான். எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்றால் தெளித்தால் போதாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். செம்பை அப்படியே பெட்டியின் மேல் கவிழ்த்தாள். பெட்டியின் முதுகில் காற்றுப் போக வரிவரியாக ஓட்டை இருக்கும். தண்ணீர் அதற்குள் அழகாக இறங்கியது. டிக் என்று ஒரு சத்தம். ரோதை நின்றது.

அன்று மிச்சப் பகல் முழுதும் தூங்கினேன்.

அவன் இரண்டு வேளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். என் மனைவிக்குத் தாங்கவில்லை. மஞ்சள் தண்ணீரில் தோஷமெல்லாம் போய்விட்டது, இனிப் பெட்டியைத் திருத்தக் கொடுக்கலாம் என்றாள். அவனைத் தனியாக விட முடியாதாம். என்னையும் கூட அனுப்பினாள்.

ஹட்டனுக்கு பஸ்ஸில் போனோம். பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கோயாவில் பஸ் நின்றதும் முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பி, "ஆஸ்பத்திரிக்கு இங்கதாங்க எறங்கணும். புள்ளைக்கு என்னா வருத்தம்?" என்று கேட்டாள்.

"செத்துருச்சுங்க" என்றான் மச்சினன். என் பக்கம் கையைக் காட்டினான். "இவங்க வீட்டுலதான் கொன்னாங்க."

பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் வாழ்நாளில் அத்தனை பேருக்கு முன்னால் பேசியதில்லை. "பொட்டிங்க" என்றேன். "கரண்டுப் பொட்டி." குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் சேலையை விலக்கிக் காட்டவுமில்லை. ஹட்டன் போய்ச் சேரும் வரைக்கும் அத்தனை முகமும் என் மேலேயே இருந்தது.

ரிப்பேர்க் கடைக்காரர் சிங்கள மனிதர். பெட்டியைத் திறந்தார். உள்ளே எல்லாம் மஞ்சளாகக் காய்ந்து, ஒரு வேப்பிலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. "மே மொகத மல்லி, கஹத?" என்று கேட்டார். இது என்ன தம்பி, மஞ்சளா? மச்சினன் தலையாட்டினான். அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு மூடித் திருப்பித் தந்தார். ஒன்றும் செய்ய முடியாது.

ரோட்டுக்கு வந்ததும் அவன் நின்றான்.

"சந்தோஷமா மச்சான்? வாயத் தொறக்காமலே காரியத்த முடிச்சிட்டீங்க. கும்பிடுற மாதிரி நடிச்சு அக்காவ ஏவிவிட்டது நீங்கதான்."

"நடிக்கத் தெரிஞ்சா ஒன்னய வந்த அன்னைக்கே அனுப்பியிருப்பேன்" என்றேன்.

அவன் கொஞ்சம் திகைத்துப்போனான். நானும்தான். ஆனால் தொடங்கிய பிறகு நிற்கவில்லை. "எனக்கு ரெண்டு கையும் வேணும். ஒனக்கு வெளையாட ரெண்டு கை வேணும்ல, அதே மாதிரி."

"கடை போச்சு, வேல போச்சு. அந்தப் பொட்டிக்குள்ள மட்டுந்தான் நான் ஜெயிச்சேன். அது தெரியுமா ஒங்களுக்கு?"

"அதுலயும் ஒரு வாரமா தோத்துக்கிட்டுத்தானே இருந்த."

அவன் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. பெட்டியை என் நெஞ்சில் இடித்துக் கையில் திணித்தான். "வச்சுக்குங்க. தெனமும் கும்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். கொழும்பு ரயிலுக்கு நேரம் இருந்தது. மாற்றுத் துணிகூட இல்லாமல் போனான்.

நான் பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்தேன். வாசலிலேயே மனைவி நின்றாள்.

"தம்பி எங்க?"

"போயிட்டான்."

"போயிட்டானா, அனுப்பிட்டீங்களா? ஒரு நாளாச்சும் அவன ஒங்களுக்குப் புடிச்சுதா? வந்தவன வெரட்டணும்னே இருந்தீங்க."

தண்ணீரை ஊற்றியது நீதானே என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது. அவள் என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, துடைத்து, ஒரு குங்குமப் பொட்டு வைத்து, முன்னறை மூலையில் உயரமாக வைத்தாள். உள்ளே இருப்பவருக்கு இன்னும் கோபம் இருக்கலாமாம். நான் வேலைக்குப் போகும்போது அதைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று கட்டளை. தொடுகிறேன்.

பல நாள் என்னோடு அவள் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்தில் எல்லாம் தெரிந்தது. பிறகு ஒரு நாள் அவன் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். அக்காவும் தம்பியும் நீண்ட நேரம் பேசினார்கள். இன்னொரு கடையில் சேர்ந்துவிட்டானாம். கடைசியில் அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பின்னறைப் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"மச்சான் இப்பவாச்சும் நல்லாத் தூங்குறாரான்னு கேக்குறான்."

நான் பாயில் படுத்தபடியே இரண்டு கையையும் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"நல்லாத் தூங்குறேன்னு சொல்லு."