தம்பி நிதி: செலவே இல்லாத ஏழு வருடம்

4-3-2011 வரவு 15,000
31-3-2012 வரவு 7,800
30-3-2013 வரவு 8,150
31-3-2014 வரவு 8,400
31-3-2015 வரவு 7,250
31-3-2016 வரவு 9,000
31-3-2017 வரவு 9,300
30-3-2018 வரவு 9,100
மொத்தம் 74,000. வட்டி தனி. செலவு இல்லை.

இந்தப் பணத்தைக் கொடுத்தவர் சாவி வெட்டிப் பிழைத்த ஒரு பெண். சாவியக்கா என்றால்தான் ஊருக்குத் தெரியும். வங்கிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் அவருடைய கடை. அப்பா விட்டுப்போன சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, ஒரு முக்காலி, ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள். வெட்டிய சாவியின் பற்களை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அடிக்கடி சாவி தொலைக்கும் ஒரு வாத்தியாரிடம், "மூணாவது தடவ சார். பேசாம கதவையே கழட்டிட்டு வாங்க, சாவியோட சேத்துக் கட்டித் தரேன்" என்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒரே தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். நாலு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பெற்றோர் போன பின் வளர்த்தது அக்காதான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஏதோ சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார். தம்பிக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு இலவச முகாமில் காது மிஷின் கிடைத்தது. முதல் நாள் கடையில் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டுவிட்டுச் சிரித்தானாம்: "இவ்ளோ சத்தத்துலயாக்கா இத்தன வருஷம் உக்காந்திருந்தே?"

பத்து நாளில் பேட்டரி ஓய்ந்தது. ஆறு பேட்டரி உள்ள ஓர் அட்டையின் விலை, கடையின் இரண்டு நாள் வருமானம். வாங்க முடிந்தபோது வாங்கினார். மற்ற நாட்களில் அவன் ஓய்ந்த மிஷினையே காதில் மாட்டிக்கொண்டு திரிந்தான். முப்பத்து நாலாவது வயதில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனான்.

அதற்கு அடுத்த வருடம் அவர் எங்கள் ஊர்ப் பொது அறக்கட்டளைக்கு வந்தார். அங்கே முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதியவன் நான். கொடுக்கும் வழிகளை வரிசையாகச் சொன்னேன். பொது நிதியில் போடலாம், எங்கே தேவை என்று குழு முடிவு செய்யும். மாதத் தவணையாகத் தரலாம். சொத்து இருந்தால் உயிலில் எழுதலாம். குறைந்தது பதினைந்தாயிரம் வைத்து, இன்ன காரியத்துக்கு என்று தனி நிதியும் தொடங்கலாம்.

"பொதுக் குண்டான்ல போட்டா எந்தப் பருக்கை என்னோடதுன்னு எப்படித் தெரியும் ஐயா? தனியாவே வைங்க."

"எந்தக் காரியத்துக்கும்மா?"

"பேட்டரிக்கு. மிஷின் குடுக்க ஆயிரம் பேர் வரான். பேட்டரி குடுக்க ஒருத்தன் வரல. அத்துணூண்டு பேட்டரியோட எவன் போட்டோ புடிச்சிப்பான்?"

நிதிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். தம்பி என்றே போடச் சொன்னார்.

அவர் ஒரே வரியில் சொன்னதை நான் இரண்டு பக்கப் பத்திரமாக எழுதினேன். ஐந்து நிபந்தனைகள். நாலாவது இது: விண்ணப்பதாரர் தம் கருவியை வாங்கியதற்கான அசல் ரசீதை இணைக்க வேண்டும். பொய்யாக யாரும் வாங்கிப்போய் விற்றுவிடக் கூடாதே என்று எழுதினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இவ்ளோ எழுதிருக்கீங்களே, இதுல பேட்டரி எங்க இருக்கு?" என்றார். அந்தச் சொல்லை விரல் வைத்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

தினமும் முதல் சாவிக்குக் கிடைக்கும் காசு அவருடைய தகர டப்பாவுக்குப் போகும். மாதம் ஒருமுறை கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு அதைக் கொண்டுவந்து கட்டுவார்; வருடக் கடைசியில் கூட்டி ஒரே வரவாக எழுதுவேன். "யாருக்காவது காது கேட்டுச்சா ஐயா?" என்பார். "நடைமுறைப்படி நடக்குதும்மா" என்பேன்.

ஏழு வருடத்தில் பதினான்கு விண்ணப்பங்கள் வந்தன. பதினான்கையும் 'அசல் ரசீது இணைக்கப்படவில்லை' என்று சீட்டு எழுதித் திருப்பினேன். 2013 ஆகஸ்டில் வயதான தையல்காரர் ஒருவர் அந்தச் சீட்டோடு திரும்பி வந்து, காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் கேட்டார்: "தானமாக் குடுத்த மிஷினுக்கு எவன்யா பில்லு குடுப்பான்? பில்லு வச்சிருக்கிறவன் உங்ககிட்ட ஏன்யா வரான்?"

அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. நிபந்தனையைத் திருத்தலாம், கொடையாளரின் ஒப்புதலும் குழுவின் தீர்மானமும் போதும். ஆனால் திருத்தத்துக்குக் காரணம் எழுத வேண்டும். என் பிழை என்று அதுவரை எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று தள்ளினேன். அப்படியே ஐந்து வருடம் தள்ளினேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் 'தங்கள் நிதி நல்ல நிலையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது' என்று அவருக்குக் கடிதம் போனது. அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

2018 மே மாதம் அதே தையல்காரர் பெட்டிச் சாவி ஒன்று வெட்டிக்கொள்ளச் சாவியக்காவின் கடைக்குப் போயிருக்கிறார். சாவியக்கா விலையைக் கத்திச் சொல்ல, அவர் காதைக் காட்டி, மிஷின் இருக்கிறது, பேட்டரிதான் இல்லை என்றிருக்கிறார். சாவியக்காவுக்கு ஒரே சந்தோஷம். அறக்கட்டளைக்குப் போங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார். தையல்காரர் சிரித்துவிட்டுப் பையிலிருந்து என் சீட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்தார்.

"ஐயா, இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"இவரு ஒருத்தர்தானா?"

கோப்பை எடுத்து வைத்தேன். சாவிப் பற்களைத் தடவுவதுபோல நகத்தால் ஒவ்வொரு தாளாகத் தள்ளி எண்ணினார். பதினான்கு.

"எந்தம்பிக்கு மிஷின் குடுத்தப்ப எங்களுக்கு என்ன கெடைச்சது தெரியுமா? ஒரு போட்டோவும் ஒரு கைதட்டலும். பில்லு இல்ல. அவனே இங்க வந்திருந்தாலும் திருப்பி அனுப்பிருப்பீங்க."

"ஆமாம்மா."

"இது தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"அஞ்சு வருஷமாத் தெரியும்."

அவர் திட்டவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "உங்க லெட்டரையெல்லாம் கடையில ஒட்டி வச்சிருக்கேன் ஐயா. வரவங்ககிட்டல்லாம் சொல்லுவேன், எந்தம்பி புண்ணியத்துல இருபது பேருக்குக் காது கேக்குதுன்னு. நீங்க சொல்லல, நானா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கடை தொறப்பேன்?"

வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"நல்லாருக்கே! நீங்க போயிட்டா யாரு போய்ச் சொல்றது? பதினாலு வீட்டுக்கும் நீங்களே போங்க. என்னப் பத்திப் பேச வேணாம். ஏன் திருப்பி அனுப்புனீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

குழுக் கூட்டத்தில் நாலாம் நிபந்தனை நீக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில், 'எழுதியவரின் பிழை. ஐந்தாண்டுகள் தெரிந்தே மறைக்கப்பட்டது' என்று எழுதினேன். தலைவர், "இவ்வளவு விவரம் வேணுமா?" என்றார். வேணும் என்றேன்.

பேட்டரி அட்டைகளோடு கிளம்பிய பிறகுதான் வரிசை விளங்கியது. முதலில் பேட்டரி போட வேண்டும். பிறகுதான் மன்னிப்பு காதில் விழும். பேட்டரியில் ஒட்டியிருக்கும் சிறு தாளை உரித்துவிட்டு, காற்றுப் பட ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடமும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தையல்காரர் வீட்டுக்கு மட்டும் சாவியக்காவும் வந்தார், பெட்டிச் சாவியைக் கொடுக்கிற சாக்கில். மிஷினை மாட்டிக்கொண்டு பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். நடந்ததைச் சொல்லி, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"கேக்கலியா ஐயா?"

"நல்லாக் கேக்குது. அதான் இன்னொரு தடவ."

சொன்னேன். வாசலில் நின்றிருந்த சாவியக்கா சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். காசு வாங்கவில்லை.

பதினான்கு பேரில் ஒன்பது பேரைப் பார்க்க முடிந்தது. இரண்டு பேர் இறந்திருந்தார்கள். மூன்று குடும்பங்கள் வீடு மாறியிருந்தன; அக்கம்பக்கத்தில் விசாரித்து, கிடைத்த முகவரிகளுக்குத் தபாலில் அட்டையும் கடிதமும் அனுப்பினேன். இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவது, 2012-ல் ஆறு வயது மகளுக்காக விண்ணப்பித்த ஒரு தாய். அவரிடமிருந்து பதில் வந்தது. அதைச் சாவியக்காவின் கடையில் வைத்துப் படித்தேன்.

'ஐயா, நீங்கள் அனுப்பிய பேட்டரி கிடைத்தது. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அன்றைக்கு மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது நாலைந்து வார்த்தை பேசக் கற்றிருந்தாள். பிறகு மறந்துவிட்டாள். இப்போது கையால் பேசுகிறாள், எங்களுக்கும் பழகிவிட்டது. மிஷின் போட்டால் தலை வலிக்கிறது என்று கழற்றிவிடுகிறாள். அதனால் பேட்டரியைத் திருப்பி அனுப்புகிறேன். வேறு சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். சீக்கிரமாகக் கொடுங்கள்.'

உறையில் ஆறு பேட்டரியும் தாள் உரிக்காமல் இருந்தன. சாவியக்கா இயந்திரத்தை நிறுத்தினார்.

"என்ன வார்த்தைங்கன்னு எழுதலியா?"

"இல்லம்மா."

அவர் கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "சீக்கிரமான்னு எழுதிட்டுத் தேதி போடலியே. நீங்களாவது போடுங்க. எப்ப வந்துச்சு?"

முக்காலியின் மேல் வைத்து, மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது 19-11-2018.