குன்னூர் ஸ்வெட்டரும் அளவு ஜாக்கெட்டும்

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு டெய்லர் அளவெடுக்க மாட்டார். கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் தையல் மெஷின் போட்டிருந்த சேட்டனுக்கு எங்கள் முகம்கூடச் சரியாகத் தெரியாது. புதுத் துணியோடு பழைய ஜாக்கெட் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தனுப்புவோம். அதுதான் அளவு ஜாக்கெட். அதைப் பார்த்து அவர் வெட்டுவார். என் துணியோடு போனதெல்லாம் பெரியம்மாவின் ஜாக்கெட். "என்னோடதைக் குடுத்து விடு, அவளுக்குத் தாராளமா இருக்கும்" என்று அவளே முடிவு செய்துவிட்டாள். தாராளமாகத்தான் இருந்தது. உள்ளே நானும் இருந்துகொண்டு, வந்த விருந்தாளி ஒருத்தரையும் தங்க வைத்திருக்கலாம்.

நான் குண்டு. அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள். 'பூசினாப்ல இருக்கா', 'நல்ல வாகான உடம்பு' என்று இழுப்பார்கள். அப்பாவுக்கு வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். பெரியப்பா காலமானபின் பெரியம்மாவும் அவள் மகளும் எங்களோடுதான் இருந்தார்கள். இருந்தார்கள் என்றா சொன்னேன்? ஆண்டார்கள். வீட்டுச் சாவிக்கொத்து பெரியம்மா இடுப்பில். என் அம்மா வாயே திறக்க மாட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் குன்னூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குத் தேயிலைக் கம்பெனியில் வேலை. அவனுடைய அப்பாவும் மாமாவும் மட்டும் பெண் பார்க்க வந்தார்கள். பெரியம்மா என்னைப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்து, பட்டு முந்தானையால் இரண்டு தோளையும் மூடி, முன்னால் ஸ்டூல் போட்டு ஒரு பூச்சாடியையும் வைத்தாள். "என்ன ஆனாலும் எந்திரிக்காதே" என்றாள். நானும் எந்திரிக்கவில்லை. அந்த இரண்டு பேரும் பூச்சாடியைப் பெண் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

எனக்கு இந்தச் சம்பந்தம் முடிய வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை. மறைப்பானேன்? போட்டோவில் பையன் சுமார்தான். ஆனால் குன்னூர்! வேர்க்காத ஊர். அதைவிட முக்கியம், பெரியம்மா இல்லாத ஊர்.

பையனின் அம்மா முழங்கால் வலி என்று அப்போது வரவில்லை. அந்தம்மா ஸ்வெட்டர் பின்னுவதில் பெரிய கெட்டிக்காரியாம். நிச்சயதார்த்தத்துக்குத் தானே வருவதாகவும், வரப்போகிற மருமகளைத் தன் கையால் பின்னின ஸ்வெட்டரில் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினாள். கூடவே, "பொண்ணோட அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்து விடுங்க."

குடுத்து விட்டோமே! பெரியம்மா தன் மகளின் ஜாக்கெட்டை எடுத்து மடித்து அனுப்பினாள். அந்தத் தங்கச்சி கொடியில் காயப்போட்ட துண்டு மாதிரி இருப்பாள். "எதுக்கு எடுத்த எடுப்பிலேயே அவங்களைப் பயமுறுத்தணும்? கல்யாணத்துக்குள்ள இவ இளைச்சிடுவா" என்றாள். ஆக, தைக்கிறதுக்குப் பெரியம்மா உடம்பு, கல்யாணத்துக்குத் தங்கச்சி உடம்பு. எனக்கென்று சொந்தமாக ஒரு உடம்பு இருப்பதை அந்த வீட்டில் யாரும் சட்டையே செய்யவில்லை.

ஸ்வெட்டர் வந்தது. அரக்கு நிறம், வழவழவென்று அருமையான நூல். தலை உள்ளே போனது. அதோடு சரி. பெரியம்மா ஒரு பக்கமும் தங்கச்சி ஒரு பக்கமும் இழுத்தார்கள். போடுவதைவிடக் கழட்டத்தான் பெரும்பாடு பட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குக் கொள்ளு வைத்தியம். காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீர், மத்தியானம் கொள்ளு ரசம், ராத்திரி கொள்ளை நினைத்துக்கொண்டே படுக்கை. எதிரே உட்கார்ந்து பெரியம்மா கப்பக்கிழங்கும் மீன்கறியும் வெளுத்துக் கட்டுவாள். எனக்கு உடம்பு இளைக்கவில்லை, ஆத்திரம்தான் பெருத்தது. ஒரு நாள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அந்த ஸ்வெட்டரைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் குழந்தை சாக்ஸ். கொச்சியில் எந்தக் குழந்தைக்குக் கால் குளிர்ந்ததோ தெரியாது, வருஷம் முழுக்க சாக்ஸ் பின்னினோம். கண்ணி போட, கூட்ட, குறைக்கத் தெரியும். அளவுதான் தெரியாது. டேப்பை எடுத்து என்னை நானே சுற்றிச் சுற்றி அளந்தேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் நன்றாகவே ஒரு வளைவு இருக்கிறது. அடிப்பாவி, இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன்.

நூல் போதாது. படகுத்துறையில் போட் ஏறி எர்ணாகுளம் போய்க் கடை கடையாகத் தேடினேன். "இவிடே ஆர்க்கா மோளே தணுப்பு?" என்று கடைக்காரர் சிரித்தார். எனக்குத்தான் குளிருகிறது என்றேன். அரக்கு நிறம் எங்கேயும் இல்லை. கடுகு மஞ்சள்தான் கிடைத்தது. முன்னும் பின்னும் அரக்கு, இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்வரை மஞ்சள் பட்டை என்று வைத்துப் பின்னினேன். மார்புக்கு நேரே முன்பக்கம் மட்டும் கூடுதலாகச் சில வரிசை, இல்லாவிட்டால் முன்னால் தூக்கிக்கொள்ளும். இடுப்பில் குறைத்து, கீழே மறுபடி கூட்டினேன். போட்டுப் பார்த்தால், அட, நான் நன்றாக இருந்தேன்!

"ஐயையோ, இடுப்பு தெரியுதே!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இருக்கு பெரியம்மா, அதான் தெரியுது" என்றேன்.

அதைவிட மஞ்சள் பட்டையைப் பார்த்துத்தான் அவள் பதறினாள். அந்தம்மா பார்த்தால், நான் எவ்வளவு கூடுதல் என்று பச்சையாகத் தெரிந்துவிடும். எலி கடித்துவிட்டது என்று சொல்லி ஸ்வெட்டரையே மறைத்துவிடலாம் என்றாள். நான் மாட்டேன் என்றேன். மஞ்சளோடு சேர்த்து என்னைப் பிடித்தால் குன்னூர் போகிறேன். பூச்சாடிக்குப் பின்னால் குடித்தனம் நடத்த முடியுமா?

நிச்சயதார்த்தத்தன்று நல்ல கோடை. பட்டுப் புடவைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முதுகில் வேர்வை ஆறாக ஓட, அவர்கள் முன்னால் வந்து நின்றேன். நின்றேன்! அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மஞ்சள் பட்டையைத் தொட்டாள்.

"இது நான் போட்டதில்லையே."

"தண்ணியில நனைச்சோம், சுருங்கிடுச்சுங்க" என்று பெரியம்மா முந்திக்கொண்டாள்.

"சுருங்கினா பக்கத்துல மஞ்சளா முளைக்குமா?"

"நான்தாங்க பிரிச்சுப் பின்னினேன். உங்களுக்கு வந்த ஜாக்கெட் என்னோடது இல்லை" என்றேன்.

அந்தம்மா தையல் சேர்ந்த இடத்தை விரலால் நீவினாள். "கை சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான், காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி. அவள் பெரியம்மா பக்கம் திரும்பினாள்.

"அந்த ஜாக்கெட் யாரோடது?"

"என் மகளோடதுங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

பெரியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லீங்க" என்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப இந்தப் பொண்ணு அதைக் கழட்டட்டும். அரக்கு நூல் என்னோடது. அந்தப் பொண்ணுக்கே பின்னிடறேன்."

"கழட்டிக் குடும்மா, பெரியவங்க கேக்கிறாங்கல்ல" என்றாள் பெரியம்மா.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் கை தானாக ஸ்வெட்டரின் அடிவிளிம்புக்குப் போனது. அத்தனை வருஷப் பழக்கம். அப்போது சாயாத் தட்டோடு வந்த அம்மா, தட்டை நங்கென்று ஸ்டூலில் வைத்தாள்.

"கழட்ட மாட்டா. அது அவ உடம்புக்குப் போட்டது" என்றாள். பிறகு பெரியம்மாவிடம், "அக்கா, உங்க பொண்ணுக்கு வேற நூல் வாங்கிக்கோங்க. சாயா ஆறுது, எல்லாருக்கும் எடுத்துக் குடுங்க" என்றாள்.

பெரியம்மா எடுத்துக் கொடுத்தாள். அடுத்த தை மாதமே தங்கச்சி அந்தப் பையனுக்கே வாக்கப்பட்டுக் குன்னூர் போனாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, அவளை யார் கேட்டார்கள்?

அன்றைக்கு எல்லாரும் போனதும் அம்மா அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உனக்கு எடுப்பா இருக்குடி" என்றாள். குன்னூர் கையைவிட்டுப் போச்சே என்று எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. ஓவென்று அழுதேன். ஆனால் கண்ணாடி முன்னால் நின்றுதான் அழுதேன்.