செடிக்கு ஐஸ் வைப்பவர்

சைக்கிள் கேரியரிலிருந்து சாக்கு மூட்டையை இறக்கி, மரத்தூளை உதறுகிறார் தாவீது. ஸ்ரீபெரும்புதூர் சோடாக் கடையில் வாங்கும்போது தலையணை அளவு இருந்த ஐஸ் பாளம், மண்ணூர் வந்து சேர்வதற்குள் செங்கல் அளவாகிவிட்டது. அதையும் சுத்தியலால் உடைத்து, கொல்லைப் பாத்தியில் செடிகளின் தூரைச் சுற்றி அடுக்குகிறார். மார்கழியும் தையும் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்தால் இதுதான் வேலை.

பாத்தியில் இருப்பது பார்ஸ்னிப். பார்வைக்கு வெளுத்துப்போன கேரட் மாதிரி இருக்கும். குளிர்தேசத்துக் கிழங்கு, உறைபனி பட்டால்தான் இனிப்பு ஏறுமாம். மண்ணூரில் உறைபனிக்கு எங்கே போவது? அதற்குத்தான் சோடாக் கடை.

தாவீது குன்னூரில் ஒரு துரை பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் தோட்டக்காரராக இருந்தவர். அறுபத்தாறாம் வருஷம் துரை பங்களாவை விற்றுக் கப்பலேற, இவர் மண்ணூரில் தன் அப்பா விட்டுப்போன பதினைந்து சென்ட் நிலத்துக்குத் திரும்பினார். மனைவி கிளியம்மாளும் கூடத்தான் வந்தாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் வேர்க்குரு. பத்தே நாளில் பழையபடி குன்னூருக்கே போய், ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையலுக்குச் சேர்ந்துவிட்டாள்.

"பஸ் ஏறுறப்ப சொன்னா, 'உங்க ஊர்ல பார்ஸ்னிப் வெளையட்டும், அப்ப வரேன்'னு. சும்மா சொல்ற பொம்பள இல்ல அவ" என்பார் தாவீது.

எரிச்சலில் சொன்னாளோ, கேலிக்குச் சொன்னாளோ, கர்த்தருக்கே வெளிச்சம். மனுஷன் அதைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி பிடித்துக்கொண்டார். ஏழு வருஷமாகிறது.

பாத்தி கட்டுவதிலேயே ஆள் தனி ரகம். கடப்பாரையால் ஒன்றரை முழத்துக்குக் குழி போட்டு, சலித்த வண்டலும் மணலுமாக நிரப்புவார். "கல்லு பட்டா கெழங்கு ரெண்டு காலாப் பொளந்துக்கும். பச்ச எரு போட்டாலும் அதே கதிதான்." முளை விட ஒரு மாதம் ஆகும், அதுவரை ஈரச்சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். ஆறு வருஷமும் வெயில் பாதியைத் தின்றது, ஐப்பசி மழை மீதியை அழுகடித்தது. தப்பிய நாலைந்தும் ஐஸ் வைத்தும் கிழங்கு பிடிக்காமல் தையில் வாடிவிடும்.

போன வருஷத்து விதை இந்த வருஷம் முளைக்காது. அதனால் ஒவ்வொரு ஆவணியிலும் குன்னூரிலிருந்து தபாலில் ஒரு கவர் வரும். உள்ளே புது விதைப் பொட்டலம். கடுதாசி ஒரு வரி இருக்காது. மேலே விலாசம் மட்டும் கிளியம்மாளின் கோணல் எழுத்தில். ஏழு கவரும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுச் செங்கமலத்துக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னா தாவீதண்ணே, பொண்டாட்டிக்கு வெக்க வேண்டிய ஐஸை செடிக்கு வெச்சிகினு கீறியே!" என்பாள்.

"அவளுக்கும் வெச்சுப் பாத்துட்டேம்மா. உருகுனது நான்தான்" என்று இவரும் சிரிப்பார். சிரித்து முடிந்ததும் மேற்கே பார்ப்பார். அங்கே மலை ஒன்றும் தெரியாது.

இந்தத் தையில்தான் அந்த அதிசயம். ஒரே ஒரு செடி தப்பி நின்றுவிட்டது. மண்ணுக்கு மேலே தலைகாட்டும் கிழங்கு மணிக்கட்டுப் பருமன் இருக்கும். ஓரத்து இலைகள் பழுத்துவிட்டன. இனியும் விட்டால் நார் பாய்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"நல்லா முத்திப் போச்சேண்ணே! புடுங்கி பார்சல் கட்டி அனுப்பு. அண்ணி அடுத்த பஸ்ஸுல வந்து நிக்கட்டும்" என்றாள் செங்கமலம்.

தாவீது குந்தி உட்கார்ந்து கிழங்கைச் சுற்றி விரலால் மண்ணை விலக்கினார். தழையைக் கொத்தாகப் பிடித்தார். பிடித்தவர் இழுக்கவில்லை.

"அனுப்பி, அப்பவும் அவ வரலைன்னா? அதுக்கப்புறம் நான் இன்னாத்தம்மா நடுறது?"

செங்கமலத்துக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னும் முத்தல" என்றார் தாவீது. விலக்கிய மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, கிழங்கின் தலை தெரியாமல் மூடினார்.