நம்ம ஊட்டு உடம்பு

எங்கள் வீட்டில் யாருக்கும் நோய் இருந்ததில்லை, சூடுதான் இருந்தது. அப்பா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கக்கூஸுக்குப் போவார், சூடு. அத்தை ஒருத்தி கல்யாணமான மூன்றே வருடத்தில் எலும்பும் தோலுமாக இளைத்தாள், அதுவும் சூடு. இரத்தம் போனால் மூலச்சூடு. எல்லாவற்றுக்கும் எண்ணெய்க் குளியல், நீர்மோர், வெந்தயம். பந்தியில் பாதியில் எழுந்து போகிற பிள்ளையைப் பார்த்து, "நம்ம ஊட்டு உடம்பு" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். அப்பா ஐம்பத்தாறு வயதில் குடலில் கட்டி வந்து செத்தார். அப்போதும் சூடு முற்றிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். எந்த இடத்துக்குப் போனாலும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். போன தைமாதம் செக்கிங் டேபிளிலேயே மயங்கி விழுந்தேன். கோயம்புத்தூரில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குடலில் நாள்பட்ட அழற்சி, பல வருடமாக இருந்திருக்கிறது என்றார். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். ஒரு தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டு, நோய் இருந்திருக்கும் என்று பட்டவர்களைக் கறுப்பாக நிரப்பினார். அப்பா, அத்தை, நான். "அண்ணனுக்கு?" என்றார். பழனிக்குப் போவதற்குள் நாலு இடத்தில் காரை நிறுத்தும் மனுஷன் என் அண்ணன். ஆனாலும் "கேக்கோணுங்க" என்றேன். அவர் கட்டத்தில் கேள்விக்குறி விழுந்தது. "பொண்ணுக்கு?" என்றார். "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க." என் மகளின் வட்டம் வெள்ளையாக நின்றது.

அவளை அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாகப் பிறந்ததிலிருந்தே பேச்சு. வைகாசியில் நிச்சயம். அதனால் கேட்டேன்: "சொந்தத்துல கட்டுனா என்னாகுங்க?"

"இது ஒரே மரபணுவால வர்றதில்லைங்க. நிறைய மரபணு சேர்ந்து வழி விடுது. வழி இருந்தும் வராமலே போறவங்க உண்டு. ஆனா கட்டிக்கிற ரெண்டு பேருக்குமே இருந்தா, பிள்ளைங்களுக்கு வர்ற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. யாருக்காவது தொந்தரவு இருந்தா மறைக்காம வந்து காட்டச் சொல்லுங்க."

எங்கள் தொழிலில் நீடில் லைன் என்று ஒன்று உண்டு. பின்னுகிற மெஷினில் ஒரே ஒரு ஊசி கோணினால் போதும், துணியின் நீளம் முழுக்க ஒரு கோடு ஓடும். ஒரு பீஸில் அதைப் பார்த்தால் அந்த பீஸை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது; அந்த ரோலில் வெட்டிய அத்தனையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிப் புதுப் பெண்களைத் திட்டியே என் தொண்டை கட்டிப்போயிருக்கிறது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலிபாளையத்தில் அண்ணன் வீட்டில் விருந்து. நான் சாப்பிடப் போகவில்லை, பார்க்கப் போனேன். அண்ணன் மகன் இலையிலிருந்து மூன்று முறை எழுந்தான். அவன் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை இருந்தது. என் மகள் வழக்கம்போல இரண்டு வாயோடு கை கழுவினாள். டயட்டாம். "நடிக்கப் போற பாரு" என்று அங்கேயும் அவளை ஒரு பிடி பிடித்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணனை உள்ளறைக்கு அழைத்தேன்.

"ஏனுங்கண்ணா, பையனுக்கு ரத்தம் போகுதுங்களா?"

அவர் முகம் கறுத்தது. "சூட்டுக்குப் போறதுதான். அதுக்கென்ன இப்ப?"

"உங்களுக்குங்க?"

டாக்டர் கொடுத்தனுப்பிய தாளை நீட்டினேன். அப்பாவின் கறுத்த கட்டத்தில் அவர் விரல் நின்றது.

"இதெல்லாம் சாயப்பட்டறைத் தண்ணி குடிச்சுக் கெட்டுப்போன குடலு, அம்மிணி."

"அண்ணியும் அதே தண்ணியத்தானுங்க முப்பது வருசமாக் குடிக்கறாங்க."

"புள்ள குடுக்க மனசில்லீன்னா நேராச் சொல்லிப் போடு. செத்த அப்பனத் தாள்ல எழுதி ஊர் ஊராக் காட்டாத."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பாவின் கடைசி மாதத்தில் அவரைக் குழந்தைபோலத் தூக்கிச் சுமந்தவர் இந்த அண்ணன்தான். "கல்யாணம் கெடக்கட்டுங்கண்ணா. மொதல்ல பையனக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. நீங்களும் காட்டுங்க. அப்பாவுக்கு வந்தது போதும்" என்றேன். அவர் தாளைக் கட்டில்மேல் போட்டுவிட்டு வேகமாக வெளியே போனார். பாத்ரூம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. தாளை எடுத்துக்கொண்டு திரும்பினேன், வாசற்படியில் அவர் மகன் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

ராயபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மகள்தான் வண்டியை ஓட்டி வந்தாள். அவன் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் தாளைக் கேட்டாள். கொடுத்தேன். வண்டிச் சாவியைக்கூட வைக்காமல், நின்றபடியே பார்த்தாள்.

"இந்த வட்டம் நானாம்மா?"

"ஆமா கண்ணு."

"ஏன் வெள்ளையா இருக்குது?"

"உனக்குத்தான் ஒண்ணுமில்லையே."

"மாமனக் கேட்டே. மச்சானுக்கு என்னன்னு கேட்டே. என்னைக் கேட்டியாம்மா?"

அந்த இரண்டு வாய்ச் சோறு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய வாரங்களின் இரண்டு வாய்களும், குழாயைத் திறந்துவிட்டு அவள் வெகுநேரம் பாத்ரூமில் இருந்த காலைகளும் வந்தன. சீக்கிரம் வாடி, பஸ் போயிடும் என்று கதவைத் தட்டியவள் நான்தான்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"போன ஆடியில இருந்தும்மா. நம்ம ஊட்டு உடம்புதானேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."